கொயில் போட்டுதாம்!

பழைய ஹொண்டா சி.50 ஒன்றைக் கழுவி மினுக்கி, கோட்டைக்கு முன்னால் நிறுத்திப் படமெடுத்து, 'எங்கட மரபு' என்று பதிவு போடுகிறவர்களோடு எங்களுக்குச் சண்டை இருக்கிறது. படத்தில் தெரியாத இடத்தில், கொயிலிலிருந்து பிளக்குக்குப் போகிற வயர் வெடித்துப்போய்க் கிடக்கும். அதை ஒருத்தரும் பார்ப்பதில்லை. மழைக்குள் பைக் நின்றால் மட்டும் தீர்ப்பு உடனே வரும்: "கொயில் போட்டுது, மாத்துங்கோ."

யார் பார்த்தது? எதை வைத்துப் பார்த்தது?

கொயில் மந்திரப் பெட்டி இல்லை. இரும்பு அகணியைச் சுற்றி இரண்டு கம்பிச் சுருள்கள், அவ்வளவுதான். பொயின்ற் திறக்கிற கணத்தில் ஒன்றில் ஓட்டம் அறுந்து காந்தப்புலம் சரிய, மற்றதில் பத்தாயிரம் வோல்ற்றுக்கு மேல் எழும்பும். சாதாரண தரத்தில் மின்காந்தத் தூண்டல் என்று எல்லோரும் படித்து, 'ஏ' சித்தியும் எடுத்த விசயம். அந்த 'ஏ' இன்னும் கராஜ் வாசல் மிதிக்கவில்லை.

கொயிலுக்குள் அசைகிற பாகம் எதுவும் இல்லை. பெரும்பாலும் முதலில் சாகிறது அதன் வயரும் பிளக் கப்பும்தான். றப்பர் காய்ந்து வெடிக்கும். உப்புக்காற்றில் செப்புக் கம்பி பச்சைக் களிம்பு பிடிக்கும். ஈரம் பட்டால் பொறி பிளக்குக்குப் போகாமல் சேஸிக்குப் பாயும். இருட்டில் எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள், நீலமாகத் தெரியும்.

மோசடி எங்கே என்றால், புதுக் கொயிலோடு புது வயரும் கப்பும் வருகிறது. பைக் ஸ்ரார்ட் ஆகிறது. பழி பழைய கொயிலின் தலையில். நல்ல கொயில் குப்பைக்குப் போகிறது. அதன் இடத்தில் எத்தனை நாள் உழைக்குமென்று தெரியாத மலிவுச் சாமான்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. கப்பைத் திருகிக் கழற்றி, வயர் நுனியில் அரைச் சென்ரிமீற்றர் வெட்டி, புதுச் செப்பு தெரியத் திரும்பத் திருகுங்கள். கொயிலை பொடியோடு பிடிக்கிற இடத்துத் துருவைச் சுரண்டுங்கள். அது ஏர்த். பிறகு மீற்றர் வையுங்கள்: முதற்சுருளில் சில ஓம், இரண்டாவதில் பல ஆயிரம் ஓம் காட்ட வேண்டும். வயர் மாற்றுவதென்றால் செப்புக் கம்பி வயரே வாங்குங்கள். கார்பன் வயரை இந்தத் திருகுக் கப் ஒழுங்காகப் பிடிக்காது. ஓடுகிற எஞ்சினில் பிளக் கப்பைக் கழற்றிப் பார்க்கிற பழக்கத்தை விடுங்கள். போக வழியில்லாத மின்சாரம் கொயிலின் காப்பைத்தான் உடைக்கும்.

கொயில் உண்மையிலேயே பழுதாவதும் உண்டு. சூடேறி நின்று, ஆறினபிறகு ஸ்ரார்ட் ஆனால் அதைச் சந்தேகிக்கலாம். ஆனால் கொண்டென்சர் போனாலும் இதே கூத்துத்தான். கொயிலைவிட அது மலிவு. அதை முதலில் மாற்றிப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

"இது மெக்கானிக்கின்ர வேலை, கலைப்பீடக்காரருக்கு என்னத்துக்கு?" என்று கேட்பார்கள். 1990களின் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய கதையைக் கருத்தரங்குகளில் பெருமையாகச் சொல்கிறோம். துளிப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய்க் கரி பிளக்கை மூடும். பொறி பலமில்லாவிட்டால் அந்தக் கதையே இல்லை. துணிவென்று நாங்கள் புகழ்வதில் பாதி, பிளக்கைத் துடைத்து வயரைக் கவனித்த கைகளின் அறிவு. கதையை மட்டும் வைத்துக்கொண்டு அறிவைக் கைவிட்டால் அதற்குப் பெயர் மரபு இல்லை, அலங்காரம்.

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். பழைய பைக் ஆசைக்கு வைத்திருப்பது மட்டுமில்லை, வேலைக்கும் வகுப்புக்கும் போகிற வழி என்று அந்த ஐந்து வருசம் காட்டிவிட்டது. நாளைக்கு இன்னொரு தடை வரலாம். அதற்கு முதல், பழைய கராஜ்காரரிடம் போய்க் கேட்டு, கற்று, தமிழில் எழுதி வைப்போம்.

அடுத்தமுறை "கொயில் போட்டுது" என்று யாராவது சொன்னால் காசை எடுக்காதீர்கள். மீற்றரைக் கேளுங்கள்.