றவுட்டர்ப் பெட்டியும் மாணவர் கல்வியும்

நெடுங்கேணிப் பகுதி வீடுகளில் இன்று றவுட்டர்ப் பெட்டியைக் காண்கின்றோம். அது மாணவர்க்குத் துணையே. ஆனால் நம்பியிருக்கத்தக்க துணையன்று. கோபுரத்திலிருந்து வரும் வானலையே அதன் உயிர். இடையில் அடர்ந்த மரமும் தகரக் கூரையும் நின்றால் அலை மெலியும். மாலையில் ஊரார் யாவரும் ஒரே கோபுரத்தை நாடுங்கால் வேகமும் குன்றும். அணைத்து அணைத்து ஏற்றுவதால் மட்டும் இது தீராது (பலர் அறிந்த வைத்தியம் அவ்வொன்றே!). பெட்டியைக் கோபுரத் திசைச் சன்னலருகே உயரத்தில் வைத்தல் வேண்டும். வீட்டினுள்ளே சுவர் பல கடப்பதற்கு 5 கிகாஹேட்ஸ் அலையிலும் 2.4 கிகாஹேட்ஸ் அலையே ஏற்றது.

இவ்வளவு செய்தும் எட்டாத வீடுகள் உள. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு இணையத்திற் பாடம் நடந்த காலத்தே பின்தங்கியோர் எல்லாரும் மந்தர் அல்லர். அலை எட்டாத வீட்டுப் பிள்ளைகளும் அவருள் இருந்தனர். ஆதலின், இணையத்திற் கொடுக்கும் பயிற்சியை ஆசிரியர் தாளிலும் கொடுத்தல் கடன். பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள்: ஏழை மாணவனுக்குப் பெட்டி வாங்கியளிக்குமுன், அவன் வீட்டு முற்றத்திலும் அறையிலும் கைத்தொலைபேசி எத்தனை கோடு காட்டுகின்றதென நேரிற் சென்று பார்ப்பீராக.