பராமரிப்பவரைப் பார்ப்பது யார்?

பக்கவாதத்தில் படுத்துவிட்ட மாமியாரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். எறையூர் கிராமத்தில் இந்தப் பொறுப்பைச் சுமக்கும் மருமகளால் கரும்பு வெட்டவும் போக முடியாது, சிப்காட் காலணி ஆலைக்கு ஷிப்டும் போக முடியாது. கூலியும் போகிறது, தூக்கமும் போகிறது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையையும் இயன்முறை சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவருவது பெரிய ஆறுதல். ஆனால், பராமரிப்பவர் இழக்கும் வருமானத்துக்கு அதில் ஈடில்லை. அதிக ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் படி வழங்க 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இடமளிக்கிறது. முதுமையில் முடங்கியோரின் குடும்பங்களுக்கும் அதை நீட்டிக்க வேண்டும். ஒன்றியந்தோறும் பகல்நேரப் பராமரிப்பு மையமும், ஆரம்ப சுகாதார நிலையங்களில் குடும்பத்தினருக்குப் பயிற்சியும் அடுத்த பட்ஜெட்டிலேயே இடம்பெறட்டும்.