மாந்தோப்பு வழியும் வறுவல் பொட்டலமும்

இரத்தக் கொதிப்பு முதியோரின் நோய் என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இரத்த அழுத்தம் பார்ப்பானேன் என்று வியப்பவர்களே மிகுதி. ஆனால் 2016 முதல் 2018 வரை நாடு முழுவதும் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு, 10 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினருக்கு இரத்த அழுத்தம் மிகுந்திருப்பதைக் கண்டது. ஐம்பது பேர் அமரும் வகுப்பறையில் இரண்டு மூன்று பேர் என்பது இதன் பொருள். இளமையில் உயர்ந்த அழுத்தம் பெரும்பாலும் நடுவயதிலும் உடன் வரும் என்பதுதான் கவலைக்குரியது.

இராசபாளையத்திலிருந்து மேற்கே அய்யனார் கோவிலுக்குச் செல்லும் வழி மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்தது. சப்பட்டையும் பஞ்சவர்ணமும் இம்மண்ணின் பெருமைகள். மலையில் மழை பெய்து நீர் பெருகும் நாள்களில் அவ்வழியே நீராடச் செல்லும் இளைஞர்களின் கைகளில் இருப்பவையோ உப்பேறிய வறுவல் பொட்டலங்கள். மாங்காய்க் கீற்றைக்கூட உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவாமல் உண்ண நமக்கு மனம் வருவதில்லை. கனி விளையும் ஊரில் வாழ்வது வேறு. கனி உண்டு வாழ்வது வேறு.

பழங்களிலும் காய்கறிகளிலும் உள்ள பொட்டாசியம், உப்பிலுள்ள சோடியத்தைச் சிறுநீரகம் வெளியேற்றத் துணை செய்கிறது. குருதிக் குழாய்களின் இறுக்கத்தையும் தளர்த்துகிறது. 1997இல் வெளியான 'டாஷ்' என்னும் அமெரிக்க ஆய்வில் 459 பேர் பங்கேற்றனர். உப்பின் அளவையும் உடல் எடையையும் மாற்றாமல், பழங்களையும் காய்கறிகளையும் மட்டும் மிகுதியாகத் தந்தபோதே இதயம் சுருங்கும்போதுள்ள அழுத்தம் சராசரியாக 2.8 அலகு குறைந்தது. கொழுப்பு குறைந்த பாற்பொருள்களைச் சேர்த்து, மொத்தக் கொழுப்பையும் குறைத்தபோது 5.5 அலகு குறைந்தது. அவர்கள் யாவரும் வயது வந்தோர். வளரிளம் பருவத்தினரிடம் நடந்த ஆய்வுகள் சிலவே. அழுத்தம் உயர்ந்திருந்த 57 பிள்ளைகளை வைத்து நடந்து 2008இல் வெளியான ஆய்வொன்றிலும் இத்தகைய உணவுமுறை நற்பயன் தந்தது.

இதைக்கொண்டு, நாளொன்றுக்கு ஒரு கொய்யா தின்றால் கொதிப்பு அண்டாது என்று மேடைதோறும் முழங்குவது பிழை. பலன் மிதமானது. வறுவலோடு கூடுதலாக ஒரு பழம் என்பதைவிட, வறுவலுக்கு மாற்றாக ஒரு பழம் என்பதே பயன் தரும். திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மூலிகைகளை அடுக்காமல் உண்ணும் முறையையும் அளவையுமே பெரிதும் பேசுவது இங்கு எண்ணத்தக்கது.

அந்த மாற்றத்தைச் செய்யவேண்டியவர் யார்? மாணவரை மட்டும் கடிந்துகொள்வதில் நமக்கு உடன்பாடில்லை. நம் மாநிலத்தின் சத்துணவுத் திட்டம் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் தருவது அத்திட்டத்தில் ஏற்கெனவே உள்ள வழக்கம். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கோ அதுவும் இல்லை. தேர்வுச் சுமையும் தனி வகுப்புகளும் நெருக்கும் அவ்விரு ஆண்டுகளில் அவர்களுடைய மாலை உணவைப் பெட்டிக்கடைகளே முடிவு செய்கின்றன. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று 2020இல் நடுவணரசின் உணவுப் பாதுகாப்பு விதி வந்தது. அது எத்தனை பள்ளி வாயில்களில் நடைமுறையில் இருக்கிறது என்பதை வாசகர்கள் தத்தம் ஊரிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பழம் விலை கூடியது என்பார்கள். ஆப்பிளையும் திராட்சையையும் மட்டுமே பழம் என்று கருதுவோருக்கு அது மெய்தான். நாட்டு வாழையும் கொய்யாவும் பப்பாளியும் பருவத்தில் நாவலும் இருக்க, முருங்கைக்கீரை வேலியோரத்தில் தழைக்க, பஞ்சம் பொருளில் இல்லை. நாளொன்றுக்கு 400 கிராம் பழமும் காய்கறியும், 5 கிராமுக்குக் குறைவான உப்பும் என்பது உலக நலவாழ்வு நிறுவனம் கூறும் அளவு.

எனவே நாம் வேண்டுவன மூன்று: மேனிலை வகுப்புகளிலும் நாள்தோறும் ஒரு பழம், 50 மீட்டர் விதிக்கு உயிர், ஆண்டுக்கு ஒருமுறை எல்லா மாணவருக்கும் இரத்த அழுத்தச் சோதனை. அந்த முதற்பழம் உள்ளூர்த் தோப்பிலிருந்தே வருமானால் உழவர்க்கும் நன்று, பிள்ளைகளுக்கும் நன்று.