நடுக்குவாதமும் மூளையின் மின்சார சிகிச்சையும்

அறிவு தெளிந்திருக்கவும் அவயவங்கள் ஏவலுக்கு அடங்காமை நடுக்குவாதத்தின் தனிக்கொடுமையாம். இலண்டன் மாநகரில் வைத்தியம் புரிந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்பார் 1817-ஆம் ஆண்டில் ஆறு நோயாளரைக் கொண்டு இதனை ஒரு சிறு நூலில் விவரித்தார். அவருட் சிலரை அவர் வீதியிற் கண்டே குறித்தனர். நடுமூளையிலுள்ள கருநிற அணுக்கள் சிதைதலால் டோபமீன் என்னும் பொருள் குறைவதே நோய்க்கு ஏதுவென்பது பிற்காலத்தார் கண்டது.

அக்குறையை நிரப்பும் லெவோடோபா மருந்து 1967-ஆம் ஆண்டு முதற்கொண்டு பெரிதும் வழங்கலாயிற்று. (நம் வேலிகளிற் படரும் பூனைக்காலி விதையில் இப்பொருள் உண்டென்பதை 1937-லேயே சென்னைச் சர்வகலாசாலையின் ஆய்வாளர் பிரித்தெடுத்துக் காட்டியதை நம் மாணாக்கருட் பலர் அறியார்.) எனினும் ஆண்டுகள் செல்லச் செல்ல ஒரு வேளை மருந்தின் பலன் நிற்கும் நேரம் குறுகுகின்றது, உடல் தானே நெளியும் வேறொரு துன்பமும் வந்து சேருகின்றது.

இவ்விடத்தே ஆழ்மூளைத் தூண்டல் என்னும் சிகிச்சை வருகின்றது. முன்னாளில் சத்திர வைத்தியர் மூளையின் தலாமஸ் பகுதியில் ஒரு சிறு இடத்தைச் சுட்டழித்து நடுக்கத்தை அடக்குவர். சுடுமுன் இடமறிதற்கு மின்சாரம் செலுத்திப் பார்ப்பதும் வழக்கம். பிரான்சு தேசத்துக் கிரெனோபிள் நகரத்து அலீம் லூயி பெனபிட், அம்மின்துடிப்பை நொடிக்கு நூறளவில் விரைவாக்கிய அளவிலே நடுக்கம் நின்றதைக் கண்டார். சுடுவதேன், கம்பியை அங்கேயே நிறுத்திவிடலாகாதோ என அவர் கருதியதன் பயனே 1987-ல் தோன்றிய இம்முறை. சுட்டது மீளாது, மின்சாரத்தையோ வேண்டியபோது குறைக்கலாம், நிறுத்தலாம். நுட்பம் முழுதும் இதிலேயே உளது என்போம். 1990-ல் அமெரிக்காவில் டிலாங் முதலியோர் குரங்குகளிற் செய்த ஆய்வைத் தொடர்ந்து, 1993 முதல் தலாமஸின் கீழுள்ள சிறு அணுத்திரளிலும் கம்பி செலுத்தப்பட்டது. அதனால் நடுக்கமேயன்றி விறைப்பும் மந்தமும் தணிந்தன.

இச்சிகிச்சையை எல்லா மருந்தும் தோற்றபின் நாடும் கடைசிப் புகலிடமாகக் கொள்ளும் எண்ணம் பலரிடம் உண்டு. நாம் இதற்கு உடன்படோம். 2013-ல் வெளிவந்த ஜெர்மானிய பிரெஞ்சு ஆய்வொன்றில் 251 நோயாளர் இரண்டாண்டு கவனிக்கப்பட்டனர். அவர்க்கு நோய் கண்டு சராசரி ஏழரை ஆண்டே ஆகியிருந்தது. தூண்டல் பெற்றோரின் வாழ்க்கை நலம் 26 சதவீதம் உயர, மருந்து மட்டும் உண்டோருடையது ஒரு சதவீதம் தாழ்ந்தது. சிகிச்சை பெற்றோர் அதனை அறிந்தே இருந்தனராதலின் இவ்வெண்களைச் சிறிது தள்ளுபடி செய்தே கொள்ளவேண்டும். ஆயினும், உத்தியோகமும் குடும்பவாழ்வும் அழிந்து முடிந்தபின் அவற்றை மீட்க எந்தக் கம்பியாலும் ஆகாது. காலத்தே சென்று கேட்பதில் நட்டம் யாது?

இதனை நோயை வேரறுக்கும் அற்புதமென விளம்புவாரையும் நாம் கண்டிக்கின்றோம். அணுக்களின் சிதைவு இதனால் நிற்பதில்லை. லெவோடோபாவுக்கு நன்கு இணங்கும் உடலுக்கே பெரும்பாலும் இது இணங்கும். அறிவு மழுங்கியவர்க்கு ஆகாது. மூளையில் இரத்தம் கசிதல், புண்சீழ் பற்றுதல், பேச்சுக் குழறல், மனநிலை மாறுதல் ஆகியன நேர்வதுண்டு. இவற்றை நோயாளியிடமே சொல்லவேண்டும், அவர் மைந்தரிடம் மட்டும் அன்று. நடுங்குகின்ற கை அவருடையதன்றோ?

இன்னொன்றும் பலர் எண்ணிப்பாராதது. மார்பின் தோலுக்கடியில் வைக்கும் பேட்டரி சில ஆண்டுகளில் தீர்ந்துபோகும். மின்னேற்றிக்கொள்ளும் வகை நெடுநாள் உழைப்பினும் அதுவும் ஒருநாள் மாற்றத்தக்கதே. தீர்ந்த பேட்டரி உடனே மாற்றப்படாவிடின் அடங்கியிருந்த நோய் முன்னிலும் கடுமையாய்த் திரும்பக்கூடும். ஆதலின் ஏழையொருவர்க்கு முதற் சிகிச்சைக்கு மட்டும் பொருளுதவும் தருமவான்கள், இரண்டாம் பேட்டரியின் விலையையும் அன்றே எடுத்துவைக்கக் கடவர். அஃது இயலாதெனின், கம்பியைச் செலுத்துமுன்னரே அதனை அவரிடம் வெளிப்படக் கூறிவிடுக.