காவலர் அறைக்குப் போன கிறிஸ்மஸ் மரம்

டீட்ரிஹ் போன்ஹோஃபரை நம்மில் பலர் இரத்தசாட்சியாக மட்டுமே அறிவோம். ஹிட்லரை எதிர்த்த லுத்தரன் போதகர், 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டவர். அவருக்கு நிச்சயமான பெண் மரியா ஃபான் வேடமையரைப் பற்றிப் பேசுவோர் குறைவு. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

1943 ஜனவரியில் மரியா கடிதத்தில் சம்மதம் சொன்னபோது அவருக்கு வயது 18, போன்ஹோஃபருக்கு 36. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் மரியா தகப்பனையும் அண்ணனையும் போர்முனையில் பறிகொடுத்திருந்தார். கொஞ்ச காலம் பொறுக்கட்டும் என்று தாயார் சொன்னார். ஏப்ரல் 5 அன்று போன்ஹோஃபர் கைதானார். அதன்பின் அவர்கள் சந்தித்ததெல்லாம் அவர் கைதியாக இருந்தபோதுதான், அதுவும் காவலர் முன்னிலையில்.

விசுவாசத்திலும் இருவரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்லர். பண்ணை வீட்டில் குதிரையேறி வளர்ந்த மரியாவுக்குக் கணிதத்தில் ஆசை. இறையியல் நூல்கள் அவரை ஈர்க்கவில்லை. அவருடைய வீட்டாருக்குப் பிடித்த பெர்னோய்ஹன் வழிபாட்டு இயக்கம் போன்ஹோஃபருக்கு ஒத்துவரவில்லை. மரியா விரும்பிப் படித்த கவிஞர் ரில்கேயும் அப்படித்தான். இதையெல்லாம் கடிதத்தில் ஒருவருக்கொருவர் மறைக்காமல் எழுதிக்கொண்டார்கள். தணிக்கை அதிகாரி படிப்பான் என்று தெரிந்தும் எழுதினார்கள்.

1943 டிசம்பரில் மரியா, போன்ஹோஃபர் இருந்த டேகல் சிறைக்கு ஒரு கிறிஸ்மஸ் மரத்தையே கொண்டுபோனார். அறைக்குள் அடங்காத அளவு பெரிய மரம். கட்டிலை வெளியே போட்டுவிட்டுப் பண்டிகை முழுவதும் நின்றுகொண்டே இருந்தால் இடம் இருக்கும் என்று போன்ஹோஃபர் கேலி செய்தார். கடைசியில் மரம் காவலர் அறைக்குப் போனது. இன்னொரு முறை மரியா தன் கட்டிலைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் அவருடைய சிறையறை அளவுக்குக் கோடு போட்டுக்கொண்டார்.

அதே சிறையிலிருந்து நண்பர் பெத்கேவுக்கு எழுதிய கடிதங்களில்தான், மதச் சட்டகம் இல்லாத கிறிஸ்தவம் என்ற தன் துணிச்சலான சிந்தனையை போன்ஹோஃபர் விரித்தார். மரியாவுக்கு அதைப் பற்றி எழுதவில்லை. அவரைச் சிறுபிள்ளையாக எண்ணி ஒதுக்கினார் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். நான் அப்படி நினைக்கவில்லை. விசுவாசம் கோயிலுக்குள் ஒடுங்காமல் வாழ்வின் நடுவில் நிற்க வேண்டும் என்று பெத்கேவிடம் வாதாடியவர், மரியாவிடம் வீடு, திருமணம், வாசிப்பு என்று பேசினார். தங்கள் திருமணம் தேவனுடைய பூமிக்குச் சொல்லும் சம்மதம் என்று 1943 ஆகஸ்டில் அவருக்குத்தான் எழுதினார். மக்கள் கொல்லப்பட்ட காலம் அது, நகரங்கள் எரிந்துகொண்டிருந்தன. அந்த நேரத்தில் ஒரு போதகர் பரலோகத்தைக் காட்டித் தேற்றாமல் மண்ணைக் காட்டி நம்பச் சொல்ல, மரியா போன்ற ஒருத்தி எதிரே இருக்க வேண்டியிருந்தது.

1945 பிப்ரவரியில் மரியா கதகதப்பான துணிகளோடு அவரைத் தேடி ஃப்ளோசன்பூர்க் முகாம் வாசல்வரை போனார். போன்ஹோஃபர் அப்போது அங்கே இல்லை. பிற்காலத்தில் மரியா அமெரிக்காவில் கணினித் துறையில் உயர்ந்து, 1977இல் மறைந்தார். அவர்களுடைய கடிதங்கள் 1992இல்தான் நூலாக வந்தன. போன்ஹோஃபரின் இறையியலைப் படிப்பவர்கள் அந்த நூலையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.