ஈஸ்டர் நாளை யார் தீர்மானிப்பது?

2025-இல் மேலைத் திருச்சபைகளும் கிழக்கத்திய மரபுவழித் திருச்சபைகளும் ஏப்ரல் 20 அன்று ஒன்றாக ஈஸ்டர் கொண்டாடின. 2026-க்கு மீண்டும் இரு நாள்கள்: ஏப்ரல் 5, ஏப்ரல் 12.

இயேசுவின் பாடுகள் யூதர்களின் பாஸ்கா விழாவையொட்டி நிகழ்ந்ததாக நற்செய்தி நூல்கள் கூறுகின்றன. பாஸ்கா முழுநிலவைச் சார்ந்தது. ஆகவே மார்ச் 21 அன்றோ அதன் பின்னரோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறே ஈஸ்டர். தவக்காலமும் அதனுடன் நகர்கிறது. விதி ஒன்றுதான். கிழக்கத்தியத் திருச்சபைகள் பழைய ஜூலியன் நாட்காட்டியைக் கொண்டு கணிப்பதால் நாள் வேறுபடுகிறது.

நகரும் பண்டிகை என் போன்ற பொருளியலாளருக்குத் தொல்லை. 2024-இல் மார்ச் 31, மறு ஆண்டு ஏப்ரல் 20 என்றால் காலாண்டு விற்பனையை அப்படியே ஒப்பிட இயலாது. ஏப்ரல் இரண்டாம் சனிக்கிழமைக்கு அடுத்த ஞாயிறே ஈஸ்டர் என பிரிட்டன் 1928-இல் சட்டமே இயற்றியது. அது இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை.

அதுவே சரி என்பேன். புள்ளிவிவரத்தைச் சீர்செய்ய எங்களிடம் முறைகள் உண்டு. மேற்காசியாவில் சிறுபான்மையாக வாழும் கிறிஸ்தவர்களிடையே ஒரு வீடு நோன்பிருக்க, அடுத்த வீடு விருந்துண்ணும் பிளவை அம்முறைகள் தீர்க்கா. 1997-இல் அலெப்போவில் கூடிய திருச்சபைப் பிரதிநிதிகள், ஜெருசலேமை மையமாகக் கொண்ட வானியல் கணிப்பைப் பரிந்துரைத்தனர். பொதுநாள் தேவை, அதைச் சந்தையின் வசதி அல்ல, திருச்சபைகளின் இணக்கமே தீர்மானிக்க வேண்டும்.