இரவு ரயில் இலவச ஹோட்டல் அல்ல

கொஞ்சம் நீளமான பதிவு. ஐரோப்பா போகிறவர்களும், அங்கே இருந்துகொண்டு அப்பா அம்மாவை வரவழைக்கிறவர்களும் பொறுமையாகப் படியுங்கள்.

"ஒரு ரயில் பாஸ் வாங்கினால் போதும். இரவு ரயிலில் ஏறிப் படுத்தால் காலையில் அடுத்த நாடு. ஹோட்டல் செலவே கிடையாது." நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்த மாதம் மட்டும் மூன்று பேர் இதை அனுப்பிவிட்டார்கள். என்னிடம் படித்து இப்போது ஜெர்மனியில் மேற்படிப்பில் இருக்கும் பிள்ளைகளும் இதை நம்பித்தான் கோடைக்குத் திட்டம் போடுகிறார்கள். பெற்றவர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்ட நினைப்பது நல்ல மனசு. ஆனால் இந்தச் செய்தி, வழிமுறை எழுதாமல் விடை மட்டும் எழுதிய கணக்கு. அந்தமாதிரி கணக்குக்கு நான் வகுப்பில் மார்க் போட்டதில்லை. இங்கேயும் போடமாட்டேன்.

பாஸ் நல்லது. இரவு ரயிலும் நல்லது. நானும் உங்கள் மாமாவும் இரண்டையும் அனுபவித்துவிட்டுத்தான் வந்தோம். இரண்டையும் சேர்த்துவிட்டால் தானாகவே சிக்கனம் வந்துவிடும் என்பதுதான் பொய்.

முதலில் பாஸ் என்றால் என்ன? ஐரோப்பாவில் குடியிருப்பவர்களுக்கு இன்டர்ரெயில், வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு யூரெயில். குடியுரிமை எந்த நாடு என்பது கணக்கில்லை, எங்கே வசிக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. இரண்டும் 33 நாடுகளில் செல்லும். இங்கேயே ஒரு முடிச்சு இருக்கிறது. ஜெர்மனியில் வசிக்கும் பிள்ளை இன்டர்ரெயில் வாங்கினால், ஜெர்மனிக்குள் அதை வைத்து வெளியே போக ஒரு பயணம், திரும்பி வர ஒரு பயணம், அவ்வளவுதான். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவின் யூரெயிலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. மூன்று பேரும் சேர்ந்து ஜெர்மனியைச் சுற்றினால் பெற்றோருக்குப் பாஸ் செல்லும், பிள்ளைக்குத் தனி டிக்கெட் வேண்டும். கையில் டாய்ச்லாந்து டிக்கெட் இருந்தால் உள்ளூர், மண்டல ரயில்களுக்கு அது போதும். ஐ.சி.இ. போன்ற விரைவு ரயில்களுக்கு அது செல்லாது. இதை வாட்ஸ்அப் செய்தியில் யாராவது சொன்னார்களா?

அடுத்தது படுக்கை. நம் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் டிக்கெட் எடுத்தால் படுக்கையும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அந்த நினைப்பிலேயே நம் ஆட்கள் ஐரோப்பிய பாஸையும் பார்க்கிறார்கள். அங்கே பாஸ் தருவது பயணம் செய்யும் உரிமையை மட்டும். படுக்கைக்குத் தனிக் காசு. நான்கு பேர், ஆறு பேர் படுக்கும் அறைக்கு 'கூஷெட்' என்று பெயர், அதற்கு ஒரு கட்டணம். ஒருவர் முதல் மூவர் வரை படுக்கும் தனி அறைக்கு இன்னும் அதிகம். பல இரவு ரயில்களில் வெறும் இருக்கைக்குக்கூட முன்பதிவுக் கட்டணம் உண்டு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையாக ஆகிவிடக்கூடாது.

சரி, கணக்குக்கு வருவோம். நான் எடுத்துக்கொள்வது உதாரண எண்கள். நீங்கள் வாங்கும் அன்றைக்கு உள்ள விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்குள் ஏதாவது 7 நாட்கள் பயணிக்கும் பாஸ் 380 யூரோ என்று வைப்போம். 380ஐ 7ஆல் வகுத்தால் ஒரு பயண நாளின் விலை சுமார் 54 யூரோ. கூஷெட் படுக்கைக்கு 40 யூரோ. ஆக ஓர் இரவுப் பயணம் 94 யூரோ. அதே ரயிலில் இரண்டு மாதம் முன்னாலேயே பாஸ் இல்லாமல் படுக்கையோடு சேர்த்து 70 யூரோவுக்கு டிக்கெட் கிடைக்கிறது என்றால், பாஸால் ஓர் ஆளுக்கு 24 யூரோ நட்டம். கடைசி நேரத்தில் அந்த டிக்கெட் 140 ஆகிவிட்டது என்றால், பாஸால் 46 யூரோ லாபம். அதே பாஸ், அதே ரயில், விடை மட்டும் வேறு. இதைப் போட்டுப் பார்க்காமல் "பாஸ் எடு, லாபம்" என்று சொல்வது எந்த வகைக் கணக்கு?

அப்படியானால் பாஸ் எப்போது ஜெயிக்கும்? ஒரு பயண நாளுக்குள் நிறைய வேலை வாங்கும்போது. இங்கேதான் நள்ளிரவு விதி உதவும். நள்ளிரவுக்கு முன்னால் கிளம்பும் ரயிலில் ஏறி, வழியில் மாறாமல் மறுநாள் காலையில் இறங்கினால், கிளம்பிய நாள் மட்டும்தான் பயண நாளாகக் கழியும். இறங்கும் நாள் கழியாது. 2019க்கு முன்னால் வேறு விதி இருந்தது. இரவு 7 மணிக்கு மேல் கிளம்பினால் மறுநாள் தேதியைப் போட வேண்டும். பழைய புத்தகங்களிலும் பழைய வீடியோக்களிலும் இன்னும் அந்த 7 மணிக் கதைதான் ஓடுகிறது. அதை நம்பாதீர்கள்.

இப்போதைய விதியை எப்படிப் பயன்படுத்துவது? காலையில் ஸால்ஸ்பர்க்கில் ரயில் ஏறினால் சுமார் இரண்டரை மணி நேரத்தில் வியன்னா. பகலெல்லாம் வியன்னாவைச் சுற்றிவிட்டு, இரவு நைட்ஜெட் ஏறினால் சுமார் 12 மணி நேரம் கழித்து ஹாம்பர்க். இத்தனைக்கும் கழிவது ஒரே ஒரு பயண நாள். மறுநாள் ஹாம்பர்க்கில் நடந்து சுற்றுங்கள், நெடுந்தூர ரயில் ஏறாதீர்கள். பாஸின் முழு ருசி இதில்தான் இருக்கிறது. நள்ளிரவுக்குப் பிறகு நடுவழியில் இறங்கி வேறு ரயில் மாறினாலோ, காலையில் இறங்கியதும் அடுத்த ரயில் ஏறினாலோ இன்னொரு நாள் கழியும். அப்போது அந்த இரவின் சிக்கனம் போச்சு.

"ஆனால் ஹோட்டல் மிச்சம்தானே டீச்சர்?" என்பீர்கள். யாருக்கு மிச்சம்? மகள் வீட்டில் தங்கியிருக்கும் அம்மாவுக்கு எந்த ஹோட்டல் மிச்சம்? காலை 7 மணிக்கு ரயில் போய்ச் சேரும். ஹோட்டலில் அறை கொடுப்பது பிற்பகலில். அதுவரை பெட்டியை வைக்கக் காசு, குளிக்க இடம் தேடி அலைச்சல். உண்மையிலேயே நீங்கள் கொடுத்திருக்கக்கூடிய ஹோட்டல் வாடகையை மட்டும்தான் வரவில் எழுத வேண்டும். கொடுக்காத காசை மிச்சம் என்று எழுதினால் அதற்குப் பெயர் கணக்கு இல்லை, கற்பனை.

ஒரு பயண ஏஜென்ட் நம் உறவுக்காரர் ஒருவருக்கு, முதல் வகுப்பில், ஒரு மாதம் முழுக்கத் தொடர்ச்சியாகச் செல்லும் பாஸை விற்கப் பார்த்தார். "பெரிய பாஸ் இருந்தால் பயமே இல்லை மேடம்" என்றாராம். அவர்கள் போனது நான்கு ஊர். கூஷெட்டில் படுக்க இரண்டாம் வகுப்பு பாஸே போதும். முதல் வகுப்பு பாஸ் வைத்திருப்பவருக்காக அங்கே மெத்தை ஒன்றும் தடிமனாகிவிடாது. நல்லவேளை, வாங்குவதற்கு முன்னால் என்னைக் கேட்டார்கள். நான்கு பயண நாள் பாஸோடு முடித்துக்கொண்டார்கள். 60 வயது நிறைந்தவர்களுக்கு 10 சதவீதத் தள்ளுபடி உண்டு. 27 வயது வரை உள்ளவர்களுக்கு 25 சதவீதம். 4 முதல் 11 வயதுக் குழந்தைகள், ஒரு பெரியவருக்கு இருவர் வரை, இலவசம். ஆனால் குழந்தைக்கும் படுக்கைக் கட்டணம் கட்ட வேண்டும்.

இனி என் உண்மையான கோபத்துக்கு வருகிறேன். பாஸுக்கு நூற்றுக்கணக்கில் கொட்டிவிட்டு, படுக்கைக் காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று பெற்றவர்களை இரவு முழுக்க இருக்கையில் உட்காரவைக்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுவது இதுதான். நீ 23 வயதுப் பிள்ளை, கழுத்தைச் சாய்த்து எங்கேயும் தூங்கிவிடுவாய். சர்க்கரைக்கு மாத்திரை போடும் உன் அப்பாவும், முழங்கால் வலியோடு இருக்கும் உன் அம்மாவும் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து வந்தால், அடுத்த நாள் எந்த அரண்மனையைப் பார்ப்பார்கள்? விடுதி வரவேற்பறை சோபாவைத்தான் பார்ப்பார்கள். அவர்கள் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். "பிள்ளை செலவு பண்ணிக் கூட்டிட்டு வந்திருக்கு" என்று சிரித்துக்கொள்வார்கள். அந்தச் சிரிப்பை நம்பாதே. ஒரு பகலைப் பறிகொடுத்துவிட்டு நாற்பது யூரோ மிச்சம் என்பது சிக்கனம் இல்லை. நைட்ஜெட் கூஷெட்டில் போர்வை, தலையணை, காலையில் ரொட்டியும் காபியும் அந்தக் கட்டணத்துக்குள்ளேயே வந்துவிடுகின்றன.

"இதற்கு விமானமே மலிவு" என்று சிலர் சொல்வார்கள். சில நாளில் மலிவுதான், மறுக்கவில்லை. ஆனால் மலிவு விமானம் இறங்கும் இடத்தையும் பாருங்கள். பாரிஸ் என்று பெயர் போட்டு இறக்கும் போவே விமான நிலையம் பாரிஸிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல். பெட்டிக்குத் தனிக் காசு, பேருந்துக்குத் தனிக் காசு. விமான டிக்கெட்டுக்கும் முழுக் கணக்கு எழுதுங்கள். ரயிலுக்கு மட்டும் சில்லறை வரை எண்ணுவது நியாயமில்லை.

ரயில் நிர்வாகங்களையும் நான் சும்மா விடமாட்டேன். 1972ல் இன்டர்ரெயில் தொடங்கியபோது 21 வயது வரையிலான இளைஞர்கள் 21 நாடுகளில் நினைத்த ரயிலில் ஏறலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. இன்றைக்கும் விளம்பரத்தில் அதே சுதந்திரம்தான் விற்பனைக்கு. ஆனால் ஜெர்மன் ரயில்வே 2016 டிசம்பரில் தன் படுக்கை ரயில்களையே நிறுத்திவிட்டது. சில தடங்களை ஆஸ்திரிய ரயில்வே எடுத்து நடத்தியதால்தான் அவை பிழைத்தன. ரயில் குறைவு, ஆள் அதிகம். கோடையில் படுக்கைகள் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடுகின்றன. பாஸ் கையில் இருந்தும் படுக்கை இல்லாதவனுக்கு என்ன சுதந்திரம்? விளம்பரத்தில் பாஸ் விலை பெரிய எழுத்தில், படுக்கைக் கட்டணம் தேடினால்தான் கிடைக்கும். அதையும் பெரிய எழுத்தில் போடட்டும்.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் நீங்கள் போக நினைக்கும் இரவு ரயிலில் அந்தத் தேதிக்குப் படுக்கை இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, படுக்கையோடு சேர்த்துத் தனி டிக்கெட் என்ன விலை என்று எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவதாக, பாஸின் ஒரு நாள் விலையையும் படுக்கைக் கட்டணத்தையும் கூட்டி, அதே நாளில் வேறு எந்த ரயில்களில் போவீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். செக், போலந்து, ருமேனியா போன்ற நாடுகளின் உள்நாட்டு டிக்கெட்டுகள் மலிவு, அங்கே பயண நாளை வீணாக்காதீர்கள். ஸ்விட்சர்லாந்து மாதிரி விலை ஏறிய நாட்டில் செலவழியுங்கள். இத்தனையும் முடிந்த பிறகு, கடைசியாகப் பாஸ் வாங்குங்கள்.

ஒரு தாள், ஒரு பென்சில், அரை மணி நேரம். ஐந்தாம் வகுப்பில் நீங்கள் போட்ட கணக்குதான். யாருக்காவது சந்தேகம் இருந்தால் வழிமுறையோடு எழுதி அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன். விடை மட்டும் அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன், உங்களுக்கே தெரியும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்